பிலடெல்பியா மட்டும் வேண்டாம்

"பிலடெல்பியாவா? அந்த ஊர் மட்டும் வேண்டாம், வெர்னன்!"

ஆர்லீன் பதறிய பதற்றத்தில் காபி மேஜையில் சிந்தியது.

வெர்னன் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தார். அமெரிக்காவில் சுற்றிப் பார்க்க ஏற்ற பெரிய நகரங்கள் என்று வரிசைப்படுத்திப் போட்டிருந்த பக்கம் அது.

"ஏன்? ஒன்பதாவது இடம் குடுத்திருக்கானே."

"குடுத்தவன் அங்க போயே இருக்க மாட்டான். தெருவெல்லாம் குப்பை, போற இடமெல்லாம் திருட்டு. பாஸ்டன் போகலாம். இல்ல, சான் டியாகோ. கடல் இருக்கு. நியூ ஆர்லியன்ஸ்னா பாட்டு, நல்ல சாப்பாடு..."

"எனக்குக் கடலும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்."

"அப்ப எதுக்குத்தான் ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போறீங்க? சிகாகோ பிடிக்கலை. சியாட்டில்ல ஓயாம மழைன்னீங்க. டென்வர் இருக்கறதுலயே மட்டம்னீங்க."

"அந்தக் குளிர்ல மனுஷன் வெளியில இருக்க முடியுமா?"

"பனி கொட்டற டுலூத்ல பொறந்து வளர்ந்தவர் பேசற பேச்சா இது!"

வெர்னன் சிரிக்கவில்லை. "டிக்கெட் வாங்கியாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

ஆர்லீன் சிந்திய காபியைத் துடைத்தாள்.

பிலடெல்பியாவில்தான் டெரிக் இருக்கிறான்.

ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு அப்பாவின் வண்டியை ஓட்டிப்போய் மரத்தில் மோதினான். கூட இருந்த சிநேகிதனுக்குக் கால் போயிற்று.

"இனிமே எனக்கு மகனே கிடையாது. என் கண்ணுல பட்டே, உன்னை உயிரோட விடமாட்டேன்!" என்று வெர்னன் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்துகொண்டன. டெரிக் போனவன்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுத்ததில்லை.

எங்கெங்கோ தெருவில் கிடந்து, குடியை விட்டு, இப்போது பிலடெல்பியாவில் கூரை போடும் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்னன் மீன்பிடிக்கக் கிளம்பியதும் அம்மாவுக்குப் போன் செய்வான்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்பான்.

அவளும் சொல்லவில்லை. சொல்ல தைரியம் வரவில்லை.

பிலடெல்பியா வந்த மூன்றாம் நாள் காலை. "நீ தூங்கு. நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று வெர்னன் கோட்டை மாட்டிக்கொண்டார். போகிற ஊரில் எல்லாம் அவருக்கு இந்தக் காலை நடை உண்டு. ஆர்லீன் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

இன்று என்னவோ மனசு கேட்கவில்லை. பின்னாலேயே இறங்கி வந்தாள்.

ஹோட்டல் வாசலில் நின்ற காவலாளியிடம் வெர்னன் ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லி வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கயா? சுத்திப் பார்க்க வர்றவங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க சார். நல்ல இடம் இல்ல."

"எனக்கு அங்கதான் வேலை இருக்கு" என்றார் வெர்னன்.

ஆர்லீன் தூணின் மறைவில் ஒதுங்கினாள். டெரிக் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பேட்டை அது. இவருக்கு எப்படித் தெரிந்தது?

அவர் ஏறிய ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறினாள். கண்ணாடிக் கதவு வழியே அவரையே பார்த்தாள். கோட்டின் உள்பையில் விட்ட கையை அவர் எடுக்கவே இல்லை. என்ன வைத்திருக்கிறார் உள்ளே? வீட்டில் துப்பாக்கி உண்டு. மான் வேட்டைக்குப் போகிறவர்தான். டெரிக்கைப் போனில் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வெர்னன் இறங்கினார். அவளும் இறங்கினாள்.

மேலே ரயில் பாலம். அதன் அடியில் இருட்டு, மூத்திர நாற்றம், வரிசையாகக் கிழிந்த கூடாரங்கள். ஒரு நாய் குரைத்தது. எவனோ அவளைப் பார்த்து எதையோ கத்தினான். திரும்பி ஓடிவிடலாமா என்று கால்கள் தவித்தன. டெரிக்கை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு கூடாரத்துக்கு முன்னால் வெர்னன் நின்றார். போர்வைக்குள்ளிருந்து ஒருவன் தலையை நீட்டினான். வெர்னனின் கை கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"வெர்னன், வேண்டாம்!" என்று அலறியபடி ஓடினாள் ஆர்லீன்.

அவர் கையில் இருந்தது ஒரு போட்டோ. டெரிக்கின் போட்டோ.

"இல்ல சார். இந்தப் பையனை நான் பார்த்ததில்ல" என்றான் போர்வைக்காரன்.

வெர்னன் பிடிபட்ட திருடன்போல் நின்றார்.

"நீ எதுக்கு வந்தே, ஆர்லீன்? உனக்குத் தெரிய வேண்டாம்னுதானே..." அவர் குரல் உடைந்தது. "சிகாகோ, சியாட்டில், டென்வர்... எந்த ஊர் பாலத்தையும் விடலை. எங்கயாவது குளிர்ல விறைச்சுக் கிடக்கானோன்னு நாலு வருஷமா எனக்குத் தூக்கமே இல்ல. கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். கிடைக்கலைன்னா நீ தாங்க மாட்டே."

போன ஞாயிற்றுக்கிழமை டெரிக் சிரிக்கச் சிரிக்கப் பேசியது ஆர்லீனின் காதில் கேட்டது.

"அவன் இங்கதான் இருக்கான். ரெண்டு தெரு தள்ளி. நல்லா இருக்கான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு மூணு வருஷமா தெரியும்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பழைய சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது வெர்னன் பாலத்தின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"எனக்குப் பயமா இருக்கு, ஆர்லீன்" என்றார். "நீ முன்னால போ. என்னைப் பார்த்ததும் ஓடிடப் போறான்."