அப்பாவின் கொய்யா

வாராவாரம் பழங்கள் அவரவர் பெயர் ஒட்டித்தான் வரும். யாருக்கு எவ்வளவு இனிப்பு ஆகும் என்பதை ஆஸ்பத்திரியே பழக்கம்பெனிக்குச் சொல்லிவிடும். எட்டாம் வகுப்பு ஷைனி, பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்காக மூன்று மாதமாக எல்லார் பழத்தின் இனிப்பையும் ஒரு சின்னக் கருவியில் அளந்துவந்தாள். அவளுடையது பதினொன்று, அம்மா பியூலாவுடையது ஒன்பது. சர்க்கரை நோயாளியான அப்பா செல்வினுடையது இரண்டைத் தாண்டியதே இல்லை.

அன்று துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எம்மா! அப்பா கொய்யா பதினாலு காட்டுது! சுகர் சரியாயிட்டு போல!"

பியூலா கருவியை வாங்கித் தானே பார்த்தாள். பதினாலுதான். நேற்று செல்வினுக்கு எடுத்த சோதனைக்குப் பிறகு டாக்டர் "பாப்போம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். எதிர்வீட்டு தாசன் அண்ணாச்சிக்கும் போன கோடையில் இப்படித்தான் திடீரென்று தேனாய் சப்போட்டா வந்தது. இரண்டே வாரம். அப்புறம் அவர் பெயரில் பழமே வரவில்லை.

செல்வின் அதற்குள் மீதிக் கொய்யாவைக் கடித்துவிட்டார். "ஏ பியூலா, ஒம்போது வருசம் கழிச்சு இப்பதான் பழம்னு ஒண்ணு திங்கேன்!"

அந்த ஒன்பது வருடமும் அவர் கையிலிருந்து இனிப்பைப் பிடுங்கியே பழகியவள், சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"இன்னொண்ணு நறுக்கித் தரட்டா?" என்றாள்.