கிழித்த சட்டை

மறுபடியும் தைத்திருந்தது.

காஸ்ட்யூம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுதான் அந்தச் சட்டையை விலாப் பக்கத்தில் கத்தியால் கிழித்து, ரத்தக் கறை ஏற்றி, ரவுடிக்கு லட்சணமாக ஆக்கி அனுப்பியிருந்தாள். இன்று பார்த்தால் துவைத்து, இஸ்திரி போட்டு, கிழித்த தடமே தெரியாமல் தையல். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி வந்து நிற்கிறான் ரவுடி.

போலீஸும் கோர்ட்டும் ஒழிந்துபோன ஒரு வருங்கால நகரத்தில், இளவட்டக் கும்பல்கள் வெட்டிக்கொண்டு சாகிற படம் அது. துணி உடம்போடு ஒட்டினால்தான் நிஜமாகத் தெரியும், அதனால் கும்பல் பையன்கள் வீட்டுக்கும் அதே உடுப்பில்தான் போய்வர வேண்டும் என்பது டைரக்டர் போட்ட சட்டம்.

"யாருடா தைச்சது?"

கன்னத்தில் ஒட்டிய தழும்பு காரணமாக செட்டில் அவன் பெயரே தழும்பு. தலையைச் சொறிந்தானே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஷாட்டில் இருக்கிற கிழிசல் அடுத்த ஷாட்டில் இல்லை என்று டைரக்டர் ஏற்கெனவே கத்தித் தீர்த்திருந்தார். தைத்தது யாராக இருந்தாலும் இன்றே வெளியே என்றும் சொல்லிவிட்டார். திமிர் பிடித்த பயல், போகட்டும் என்று அக்காவும் முடிவு கட்டிவிட்டாள். அவள் வேலையை அவள் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

சட்டையைக் கழற்றி வாங்கி, துணி அறையில் உட்கார்ந்து மறுபடி கிழித்து, கறை ஏற்றினாள். முழங்கை வரை சிவப்பு.

வாசலில் நிழலாடியது. ஒரு அம்மாள், மூச்சு வாங்க நின்றாள். கத்தியைப் பார்த்தாள். சிவந்த கைகளைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எம் பையன் சட்டை. ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டுப் போறான், ரத்தமும் கிழிசலுமா வர்றான். கேட்டா வீட்டுக்கே வராம போயிடுவானோன்னு பயந்து, அவன் தூங்கினப்புறம் துவைச்சுத் தைச்சு வெச்சேன். இன்னிக்கு பின்னாலேயே வந்துட்டேன். உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க சொன்னா இந்தக் கும்பல் கேக்கும். அவனை விட்டுடுங்கம்மா. சட்டை கிழிஞ்சா நான் தைச்சுடுவேன். அவனே கிழிஞ்சா என்னால தைக்க முடியாது."

அக்கா கத்தியைத் தூரப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் விரலைப் பிடித்துத் தன் கைச் சிவப்பைத் தொட வைத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

"சர்க்கரைப் பாகும்மா. இது சினிமா."

அம்மாள் ருசி பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள். அப்புறம் அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள். சினிமா பக்கமே போகக்கூடாதென்று மகனிடம் சத்தியம் வாங்கியது தான்தான் என்றாள். அதனால்தான் படவா வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே நுழைந்தார். அவர் பின்னால் தழும்பு, அம்மாவைக் கண்டு வெளிறிப்போய் நின்றான்.

"தைச்சது யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தான் சார்," என்றாள் காஸ்ட்யூம் அக்கா. "கிழிசலைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."