ஏக்கருக்குப் பதினோரு கலம்

“பதினாலுங்க சார்!”

இருபது கர்ணங்களும் ஒரே குரலில் சொன்னார்கள். கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டான். ஐந்து நாளாக இந்த வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாரும் போன பிறகு எழுந்து போகிறவன் அவன்.

“தப்பு” என்றார் ராசாங்கம். பாடம் நடத்தப் பட்டணத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அவர்.

நாற்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை மாதம். நெல் விளைச்சலை எப்படி மதிப்பிடுவது என்று கிராமக் கர்ணங்களுக்குப் புள்ளிவிவரம் சொல்லித்தர அரியலூரில் ஆறு நாள் வகுப்பு போட்டிருந்தார்கள். கர்ணம் எழுதிக் கொடுக்கிற சராசரியை வைத்துத்தான், எந்த ஊர் சர்க்காருக்கு எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்று உத்தரவு வரும்.

ராசாங்கம் கரும்பலகையைத் தட்டினார். “மறுபடியும் கேளுங்க. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணி பாயுற நெலம் பத்து ஏக்கர். ஏக்கருக்கு இருபது கலம். வரதராஜன்பேட்டைப் பக்கம் வானம் பாத்த பூமி முப்பது ஏக்கர். ஏக்கருக்கு எட்டே கலம். எல்லாம் சேத்து ஏக்கருக்குச் சராசரி என்ன?”

“இருபதும் எட்டும் இருபத்தெட்டு. அதுல பாதி பதினாலு. இதுல என்னங்க சார் தப்பு?” என்றார் கதவை ஒட்டின பெஞ்சியில் இருந்த கர்ணம் சாமிதுரை.

“ரெண்டு நெலமும் ஒரே அளவா இருந்தா சரி. இங்க அப்படியா இருக்கு?”

ஒருவர் பொடி போட்டார். ஒருவர் மோட்டுவளையில் ஆடுகிற துணி விசிறியைப் பார்த்தார்.

செல்லமுத்துவுக்குத் தோள்பட்டை கடுத்தது. இடது கை விரலால் தரைப் புழுதியில் எழுதிப் பார்த்தான். இருநூறு. இருநூற்று நாற்பது. கூட்டினால் நானூற்று நாற்பது. அதை நாற்பது ஏக்கருக்குப் பங்கு போட வேண்டும், அவ்வளவுதானே! அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் மரக்கால் பிடித்து அளந்தவனுக்கு இது ஒரு கணக்கா?

எழுந்து கத்திவிடலாம் போல் இருந்தது. ஆனால் முதல் நாளே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தான். சாமிதுரை திரும்பி முறைத்த முறைப்பில் வார்த்தை தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

பேசாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் ஊரும் வானம் பார்த்த ஊர்தான். போன வருஷம் யாரோ கூடுதலாய்ப் போட்ட கணக்கில் விதைநெல்வரைக்கும் வண்டியேறிப் போயிற்று. கூலி நெல் வாங்கப் போன அவன் பெண்சாதி பொன்னாயி வெறும் முறத்தோடு திரும்பி வந்தாள். இந்த இருபது பேரும் பதினாலு என்று எழுதிக்கொண்டு ஊருக்குப் போனால், இந்த வருஷமும் அதே கதிதான்.

ராசாங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. “இது தெரியாம ஒருத்தருக்கும் சர்டிபிகேட்டு கிடையாது. இன்னும் ஒரு வாரம் இங்கேயே கெடங்க!” என்று சொல்லி, கரும்பலகைப் பக்கம் திரும்பி, அதில் எழுதியிருந்த பதினாலை அழித்தார்.

“பதினொண்ணு!”

சத்தம் வந்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று செல்லமுத்துவுக்குத் தெரிந்தது.

ராசாங்கம் விருட்டென்று திரும்பினார். “யாரு? யாரு சொன்னது?”

அவர் முகம் மலர்ந்திருந்தது. செல்லமுத்து வாயைத் திறந்தான். அதற்குள் முன்னாலிருந்து சாமிதுரை எழுந்துவிட்டார்.

“நாந்தாங்க சார்.”

செல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பிரமாதம்! எப்படிப் போட்டீங்க? எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லுங்க.”

சாமிதுரை விழித்தார். “அது... வந்து... இருபதுல...” மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். பின்னால் இருந்த செல்லமுத்துவின் பக்கம் அரை முகம் திரும்பியது.

நன்றாய்த் திண்டாடட்டும் என்றுதான் முதலில் நினைத்தான். வெறும் முறம் நினைவுக்கு வந்தது. முன்னால் சாய்ந்து, சாமிதுரைக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

“எல்லா நெல்லையும் ஒரே களத்துல கொட்டி அளக்கணுங்க. நானூத்தி நாப்பது கலம் வரும். அதை நாப்பது ஏக்கருக்கும் பங்கு போடணும்.”

சாமிதுரை அதை அப்படியே, கணீரென்று ஒப்பித்தார்.

“சபாஷ்!” ராசாங்கம் மேஜையைத் தட்டினார். “நான் அஞ்சு நாளா தொண்டை கிழியச் சொன்னதை இவர் மூணு வார்த்தையில சொல்லிட்டாரு. எல்லாரும் எழுதிக்குங்க. நாளைக்கு மொதல் சர்டிபிகேட்டு சாமிதுரைக்குத்தான்.”

இருபது பேனாக்கள் பதினொன்று என்று எழுதின. விதைநெல் தப்பித்தது. சாமிதுரை ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று செல்லமுத்து காத்திருந்தான். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். செல்லமுத்துவின் இரண்டு கைகளும் மடியில் செத்துக் கிடந்தன.

அறையில் புழுக்கம் ஏறியது. எழுதின மையின் மேல் ஒருவருடைய வேர்வைத் துளி விழுந்து எழுத்துக் கலைந்தது. ராசாங்கம் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, இந்த ஐந்து நாளில் முதல் தடவையாகச் செல்லமுத்துவை நேருக்கு நேர் பார்த்தார்.

செல்லமுத்து நிமிர்ந்தான்.

“என்னப்பா வேடிக்கை பாக்குற? காத்தே வரல, பங்காக் கயித்த இழு!”