எதற்கு அந்த சல்யூட்?

"எங்கப்பா யாரையும் கேலி பண்ற ஆளே இல்ல!" நெடுஞ்செழியனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

கீழ்வேளூரில் அவர் வீட்டுக் கூடத்தில், ஜப்பானிலிருந்து வந்திருந்த யோஷிகோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். அவர் பேச்சைத் தமிழில் சொன்னவள் நெடுஞ்செழியனின் மகள் எழில்மொழி. ஜப்பானில் வேலை, குடியிருப்பது யோஷிகோ வீட்டு மாடியில். பேச்சுவாக்கில் தாத்தா காவல் நின்ற ஊரின் பெயரைச் சொல்லப்போய்த்தான் இந்த வினை.

"கோவப்படாதீங்கப்பா. இவங்கம்மாவுக்குத் தொண்ணூத்தெட்டு வயசு. படுத்த படுக்கையா இருக்காங்க. கண்ணை மூடறதுக்குள்ள தெரிஞ்சாகணுமாம்."

நடந்தது 1947 ஏப்ரலில். தோற்றுப்போன ஜப்பானை ஜெயித்தவர்கள் ஆண்டுகொண்டிருந்த நேரம். அங்கே தேர்தல். பிரிட்டிஷ் இந்தியப் படையோடு போயிருந்த சிப்பாய் அமிர்தலிங்கத்துக்கு, அதாவது நெடுஞ்செழியனின் அப்பாவுக்கு, வாக்குச்சாவடி வாசலில் காவல்.

"வரிசையில நின்னவங்க காதுபடவே வெள்ளைக்கார ஆபீசர் சொன்னானாம், 'இதுங்க எல்லாம் பன்னெண்டு வயசுப் பசங்க மாதிரி. ஓட்டுன்னா என்னன்னே தெரியாது. நாமதான் கையப் பிடிச்சுக் கத்துக்குடுக்கணும்'னு. இவங்கம்மாவுக்கு இங்கிலீஷ் புரியும்."

"சரி, அதுக்கு உங்க தாத்தா என்ன பண்ணாராம்?"

"இவங்கம்மா முதல் ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்ததும் விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சாராம். ஆபீசர் விழுந்து விழுந்து சிரிச்சானாம். அந்த அவமானத்துல இவங்கம்மா அப்புறம் ஓட்டே போடலப்பா, இன்னிக்கு வரைக்கும்."

அடக் கடவுளே! ஒரு சல்யூட்டை ஆயுசு முழுக்கவா சுமப்பாள் ஒருத்தி? நெடுஞ்செழியனின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அவங்களுக்கு மட்டும் இல்லம்மா. அன்னிக்கு ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்த அத்தனை பேருக்கும் அடிச்சார். நிறுத்துடான்னு ஆபீசர் கத்தியும் நிறுத்தல. அதுக்குத் தண்டனையும் வாங்கினார்."

யோஷிகோ நிமிர்ந்தார். "ஏன்?"

நெடுஞ்செழியன் அவர் பக்கம் திரும்பினார்.

"கூலிக்காரங்களும் பொம்பளைங்களும் ஓட்டுப் போடறத அவர் பார்த்ததே அன்னிக்குத்தான். ஜப்பானுக்கு ஓட்டுப் போடக் கத்துக்குடுக்கன்னு அனுப்பின எங்கப்பாவுக்கு, வெள்ளைக்காரன் அன்னிக்கு வரைக்கும் ஓட்டே குடுக்கலம்மா!"