மைனா காலி செய்த பொந்து

மரங்கொத்தி குடைந்த பொந்தில் ஒரு மைனா வெகுகாலமாக வாடகைக்குக் குடியிருந்தது. அதன் குஞ்சுகளெல்லாம் அங்கேதான் பொரிந்து வளர்ந்து பறந்து போயின. அடைமழையில் பொந்தின் மேற்புறம் பிளந்து உள்ளே ஒழுகியது.

"காலி பண்ணிடு. முழுக்கச் செதுக்கிச் சரிபண்ணணும்" என்றது மரங்கொத்தி.

"பண்ணு. ஆனா, வேலை முடிஞ்சதும் எனக்கே தரணும். வாக்குக் கொடு, போறேன்" என்றது மைனா.

மரங்கொத்தி விருட்டென்று பறந்துவிட்டது. மைனா, குஞ்சுகள் ஒண்டிக் கிடந்த மூலையிலேயே நனைந்தபடி இருந்தது. மறுநாள் எட்டிப் பார்த்த மரங்கொத்தி, "சரி, உனக்குத்தான்" என்றது.

வேலை முடிந்து மைனா திரும்பியபோது சுவரெல்லாம் புதிதாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பழையபடியே கிடந்தது.

"உன் குஞ்சுங்க கொத்திப் பழகின தடம் அது" என்றது மரங்கொத்தி. "என் அலகை வைக்க மனசு வரல."

மைனா அந்தப் பக்கமாகப் போய்ச் சாய்ந்துகொண்டது.