சூடு தங்காத பிள்ளை

"தொட்டுப் பாருடா இளவரசு, கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு கெடக்குது!" பேரனின் பாதத்திலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள் பட்டம்மாள்.

சிதம்பரத்தில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அறையில் ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தார்கள். மூன்று போர்வைக்குள் கிடந்த பத்து நாள் குழந்தை மட்டும் குளிர்ந்துகொண்டே போனது. அழவில்லை; நடுங்கக்கூட இல்லை. கண்ணைத் திறந்து, கட்டிலில் இருந்த மருமகள் கயல்விழியையே பார்த்தபடி கிடந்தது.

"காத்து கருப்பு ஏதோ அண்டிக்கிச்சு. லால்பேட்டையில ஒருத்தரு ஓதி ஊதுவாரு. வண்டியை எடுடா, போவலாம்."

"வெளிய தூக்கிட்டுப் போனா வழியிலேயே உயிர் போயிடும்மா. இன்குபேட்டர்லதான் வெக்கணும்" என்றபடி வந்தார் டாக்டர் காயத்ரி.

"மூணு நாளு வெச்சீங்களே, என்னா ஆச்சு? வெளிய எடுத்தா மறுபடியும் சில்லுன்னு ஆவுது. என்னா நோவுன்னே உங்களுக்குத் தெரியல!"

கயல்விழி பக்கம் திரும்பினார் டாக்டர். கேட்கக் கூடாத இடத்தில் கேட்டும் விட்டார். "கோவிச்சுக்காதம்மா. வயித்துல இருக்கும்போது தாய் குடிச்சிருந்தா, சில குழந்தைங்களுக்கு உடம்புச் சூடு நிக்காமப் போகலாம். காரணம் அதுதான்னா, உள்ளேயே வெச்சுப் பொறுமையாத் தேத்திடலாம். நீ குடிச்சியா?"

"எங்க மருமவளையா கேக்குற?" பட்டம்மாள் எகிறினாள். "புள்ளையத் தூக்குடா!"

இளவரசு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டான்.

"குடிச்சேன்" என்றாள் கயல்விழி.

அவன் அப்படியே நின்றான். "என்னா சொல்ற கயலு?"

"வளைகாப்பு முடிஞ்சு பெண்ணாடத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போனேன்ல, அங்க தெனமும் குடிச்சேன். காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. புள்ளைய டாக்டருகிட்ட குடுங்க."

கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினான்.

"த்தூ! இனிமே எங்க வூட்டு வாசப்படிய மிதிக்காத!" பட்டம்மாளும் மகன் பின்னாலேயே போய்விட்டாள்.

கயல்விழி அழவில்லை. குழந்தை இன்குபேட்டருக்குள் போகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

சாராய வாடையை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கிட்டத்தில் முகர்ந்திருக்கிறாள். தான் பெற்ற பிள்ளை அசையாமல் பிறந்து, அதைக் கரும்புக் கொல்லை ஓரம் புதைத்த மறுநாள், அம்மா யாருக்கும் தெரியாமல் அழைத்துவந்த ஒருத்தி, இந்தக் குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டுக் குனிந்து கடைசியாக முத்தமிட்டபோது.