ஒரு சட்டிச் சாம்பல்

“நானா, அந்த ஆறு பேரா? இன்னிக்கே முடிவு பண்ணுங்க.”

மனைவி கேட்டதும் தச்சர் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். அந்த ஆறு கோழிகளும் சாம்பல் சட்டியில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தன.

அவள் தூங்கி இரண்டு வாரமாகிறது. கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு; எல்லாம் கோழிச் செள்ளுப்பூச்சி கடித்துத்தான் என்பது அவள் கட்சி. உட்கார்ந்தால் கொட்டாவி, எழுந்தால் அரிப்பு. சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் கறிக்கடைக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

“கடைசியா ஒரு தடவை டாக்டரம்மா பார்க்கட்டுமே” என்று கெஞ்சினார் தச்சர்.

கால்நடை டாக்டர் வந்தார். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, இறக்கைக்கு அடியிலும் வாலுக்கு அடியிலும் இறகை ஊதி ஊதிப் பார்த்தார்.

“ஒரு செள்ளுகூட இல்லை. நான் கொடுத்த பொடியை ரெண்டு தடவை போட்டீங்களா?”

“பத்து நாள் விட்டு ரெண்டாவது தடவையும் போட்டாச்சு. புதுக் கூட்டுக்குச் சுண்ணாம்பும் அடிச்சாச்சு” என்றார் தச்சர்.

“பழைய கூடு?”

“எரிச்சாச்சும்மா. அந்தச் சாம்பல்லதான் புரளுதுங்க.”

“பீரோ மாதிரி கூடு, ஒரே ஒரு சட்டிச் சாம்பல்!” மனைவி அலுப்பாகச் சிரித்தாள். “இந்த வீட்ல நெருப்புகூடக் கஞ்சம், டாக்டரம்மா. முதுகுவலிக்குத் தரையில படுக்காதேன்னு புதுசாக் கட்டில் செஞ்சு கொடுத்தாரு. என்ன புண்ணியம்? கண்ணை மூடினா மேலெல்லாம் ஊருது.”

“செள்ளு எந்நேரமும் கோழிமேலயே இருக்காதும்மா. பகல்ல பலகை இடுக்குல பதுங்கிக்கும், இருட்டினதும் வந்து ரத்தம் குடிக்கும். மாசக்கணக்காப் பட்டினி கிடந்தாலும் சாகாது. அதான் கூட்டை எரிக்கச் சொன்னேன்.”

தச்சருக்கு முகம் வேர்த்தது.

வாசலில் கறிக்கடைக்காரரின் சைக்கிள் மணி அடித்தது. மனைவி பெருமூச்சோடு கூடையை இழுத்து, முதல் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாள்.

தச்சர் குறுக்கே வந்து நின்றார்.

“கோழியைக் கீழ விடு. நல்ல தேக்குப் பலகை, நெருப்புல போட மனசு வரலை... வா, கட்டிலை ஒரு பக்கம் பிடி!”